நூத்தியெண்பத்தொண்ணு ஊரில் தங்கிய வருஷம்

ஒரு வருஷத்தில் இந்தியாவுக்குள் எத்தனை நாள் இருந்தோம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகச் சொல்லக்கூடியவர் இந்த நாட்டிலேயே ஒருவர்தான். எங்கள் ஆபீசில் அவருக்குப் பெயர் நூத்தியெண்பத்தொண்ணு.

கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆடிட்டரிடம் நான் வருமான வரிக் கணக்குகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். நூத்தியெண்பத்தொண்ணு முன்பு இங்கே ஓர் இரும்பு ஆலையில் வெல்டர். பிறகு வளைகுடாவில், கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை கிடைத்துப் போனார். இருபத்தெட்டு நாள் கடல், இருபத்தெட்டு நாள் ஊர். சிக்கலே அங்கேதான். வெளிநாட்டில் வேலை செய்பவர் ஒரு நிதியாண்டில் நூற்று எண்பத்திரண்டு நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால், அங்கே வாங்கும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஒரு நாள் கூடினாலும் மொத்தத்துக்கும் உண்டு. பாதி வருஷம் ஊரில் இருப்பவருக்கு இது கத்தி மேல் நடக்கிற காரியம்.

மார்ச் பிறந்தால் பாஸ்போர்ட்டோடு வந்துவிடுவார். நான் முத்திரைகளைத் தேடிக் கூட்டுவதற்குள் அவரே சொல்லிவிடுவார்.

"நூத்தி எழுபத்தாறு மேடம். வந்த நாளு, போன நாளு ரெண்டையும் சேத்துக்கினுதான் சொல்றேன்."

நாள் மிஞ்சும்போல் இருந்தால் கொழும்புக்குப் போய் லாட்ஜில் அறை எடுத்து, மார்ச் முடிந்த பிறகுதான் திரும்புவார்.

"கொழும்புல என்ன பாத்தீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஃபேன் பாத்தேன் மேடம். மூணு ரெக்கை."

ஒரு வருஷம் அவர் மகள் சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா மார்ச் கடைசியில் வந்தது. இரண்டு வாரம் தள்ளிவைக்கச் சொல்லி பங்குத் தந்தையிடம் போய் நின்றார். "ஆண்டவர் உன் நிதியாண்டையெல்லாம் பாக்க மாட்டாருப்பா" என்று அவர் அனுப்பிவிட்டார். வெள்ளை கவுனில் மகள் வரிசையில் போனதை இவர் லாட்ஜில் இருந்து வீடியோ காலில் பார்த்தார். படம் நடுவில் நின்றுவிட்டதாம். இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கடுத்த பிப்ரவரி கடைசியில், அவர் ஊரில் இருந்தபோது, உள்ளூர்க் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை முடித்து வந்த அவர் மனைவி சகாயமேரியின் ஸ்கூட்டர் நெடுஞ்சாலை ஓரத்து மணலில் சறுக்கியது. இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். ஷேவ் செய்யாத முகத்தோடு ஆபீசுக்கு வந்தார்.

"சார், ஆஸ்பத்திரில இருக்கிற நாளைக் கழிச்சுக்க மாட்டாங்களா? இன்னும் நாலு நாளுதான் கீது."

"ஆஸ்பத்திரின்னாலும் இந்தியாவுக்குள்ளதானேப்பா இருக்கே" என்றார் ஆடிட்டர். "கம்பெனியில கேட்டு முன்னாடியே கிளம்பிடு. அவங்கள யாராவது பாத்துக்குவாங்க."

கம்பெனியும் சம்மதித்து டிக்கெட் அனுப்பியது. அவர் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை சகாயமேரியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலுக்குப் பின்னால் நின்று அவர் மனைவிக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். வகிடு கோணலாக இருந்தது.

"போய்யான்னு நாந்தான் அனுப்பி வெச்சேன் மேடம்" என்றார் சகாயமேரி. "பையத் தூக்கிக்கினு வாசல் வரைக்கும் போய்ட்டாரு. அப்பப் பாத்து நர்ஸம்மா என்னை எழுப்பி நிக்க வெச்சாங்க. வலி தாங்காம கத்திட்டேன். திரும்பி வந்துட்டாரு."

அவர் சீப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேத்தோட நூத்தி எண்பத்திரண்டு ஆயிட்ச்சி மேடம். இனிமே எத்தினி நாளு இருந்தாலும் ஒண்ணுதான்."

அந்தத் தடவை இருபத்தெட்டு நாள் கடல் வேலைக்குப் போகாமலே தங்கிவிட்டார். வராண்டாவில் மனைவியைப் பிடித்து நடக்கவைத்தார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஈஸ்டருக்கு ஊரில் இருந்தார்.

ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்ய இருவருமாக வந்தார்கள். எங்கள் மாடிப்படியை சகாயமேரி கைத்தடியோடு ஏறி முடிக்க வெகுநேரம் ஆனது. அவர் ஒரு படி கீழேயே நின்றுகொண்டு பின்னால் வந்தார். 'இந்தியாவில் வசிப்பவர்' என்ற கட்டத்தில் குறியிட்டு, வரித்தொகையைக் காட்டினேன். அந்த வருஷம் ஷீட் கூரையை எடுத்துவிட்டு வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போடுவதாக இருந்தார்கள்.

"பேஜாருதான்" என்றார். "போடுங்க மேடம்."

"இன்னும் ஒரு வருஷம் ஷீட்டுக்குக் கீழயே இருந்துக்கலாம், இப்ப இன்னா" என்றார் சகாயமேரி.

அவர் மறுபடி கடலுக்குப் போய்விட்டார். நானும் அந்த ஆபீசை விட்டு வந்துவிட்டேன். வளைகுடாவில் கடல் கொந்தளிப்பு என்று செய்தியில் சொன்னால் மட்டும், சகாயமேரிக்கு ஒரு போன் போட்டு, "அவர் பேசினாரா?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு அடுப்படியில் வேலை ஓடுகிறது.