சலவைக் கடைச் செயலியால் வந்த சண்டை

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு யாருக்கும் உடம்புக்குக் குறைவில்லை, பேச்சுக்குத்தான் பஞ்சம். தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமென நம்புகிறேன். போனில் சொன்னால் பிள்ளைகள் இருவர் காதிலும் விழும் என்பதால் இக்கடிதம்.

விடுமுறைக்கு வந்த இடத்தில், துணி தயாரானதும் வாடிக்கையாளருக்குத் தகவல் போகிற மாதிரி என் சலவைக் கடைக்கு ஒரு செயலி செய்து தருவதாக உங்கள் மகனும் என் மகளும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். ஒரு தடவை எழுதினால் எல்லா வகைப் போனிலும் ஓடுமாம். அப்படி எழுத உதவும் கருவியாக மாப்பிள்ளை ஃப்ளட்டர் என்றார், மகள் ரியாக்ட் நேட்டிவ் என்றாள். முதலில் சிரித்துக்கொண்டுதான் பேசினார்கள். அப்புறம் பார்த்தா சாப்பாட்டு மேஜையில ஆளுக்கொரு மூலை. "அப்பா, அவரை உப்பை நகர்த்தச் சொல்லுங்க"ங்கிறா இவ. "மாமா, அது அவ கைக்கே எட்டும்னு சொல்லுங்க"ங்கிறார் அவர். உங்க பையன் தன்னோடது எந்தப் போன்லயும் ஒரே மாதிரி அழகா இருக்கும்கிறார்; என் பொண்ணு, அந்தந்தப் போன்ல கை பழகின பொத்தான்தான் மனுஷனுக்கு வசதிங்கிறா. எனக்கு ரெண்டும் நியாயமாப் படுது, அதான் என் தலையெழுத்து. இதைக் கடையிலயும் கேட்டுக்கிட்டே நின்னதுல, சலவைக்குப் போட்டிருந்த நம்ம பல் டாக்டரோட வெள்ளைச் சட்டை முதுகுல இஸ்திரிப் பெட்டி முக்கோணமா ஓட்டை போட்டுடுச்சு. அவர் வாயே திறக்கலை. அடுத்து நான்தானே அவர்கிட்ட வாயைத் திறக்கணும், அப்ப பார்த்துக்குவார். சமாதானம் பண்ணலாம்னு, ஆளுக்கொரு வகைப் போனுக்குத் தனித்தனியா எழுதிடுங்களேன்னேன். ரெண்டு பேரும் ஒண்ணாத் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கே, வெள்ளைத் துணியோட சாயத்துணியை ஊறவச்சவனைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. அந்தத் தொல்லை வேண்டாம்னுதானே இதெல்லாம்னு ஒருத்தர் ஆரம்பிக்க, இன்னொருத்தர் முடிச்சாங்க. அன்னிக்கு அவங்க சேர்ந்து பேசினது அவ்வளவுதான்.

ஆகவே, விட்டுக்கொடுக்கும்படி மாப்பிள்ளைக்குத் தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மகளிடம் நான் சொல்கிறேன். யாராவது ஒருவர் இறங்கினால் போதும்.

தங்கள் முழங்கால் வலி குறையட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புள்ள,
உங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுறதுக்குள்ள விஷயம் மாறிப்போச்சு. மாப்பிள்ளை யாருக்கும் தெரியாம அவ வழியில முழுசா எழுதி முடிச்சு, இன்னிக்குக் காலையில அவகிட்ட நீட்டினார். அவ பதிலுக்குத் தன் போனை நீட்டினா; அதுல அவர் வழியில எழுதினது ஓடுது. ரெண்டு பேர் கண்ணும் கலங்கிடுச்சு, எனக்கும்தான். இப்ப, "உன்னோடதையே வச்சுக்கலாம்"னு அவர், "இல்லை, உங்களோடதுதான்"னு இவ. மறுபடியும் பேச்சு நின்னுபோச்சு. தயவுசெஞ்சு யாரையும் விட்டுக்கொடுக்க மட்டும் சொல்லிடாதீங்க.