சித்தப்பா வாதாடிய கோஹோமாலஜி

கணக்கில் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவர்கள் எந்தத் தப்பை வேண்டுமானாலும் செய்யலாம். நோட்டீசை மட்டும் வீட்டில் காட்டக் கூடாது. நான் காட்டினேன்.

எங்கள் கேரளத்தில் ஆராய்ச்சியை முடித்தவர் கடைசியில் எல்லார் முன்னாலும் நின்று பதில் சொல்ல வேண்டும். அதற்கு நோட்டீஸ் அடித்து, அடியில் 'ஏவர்க்கும் சுவாகதம்', எல்லாரும் வருக, என்று போடுவார்கள். அது சும்மா மரியாதைக்கு. யாரும் வர மாட்டார்கள். (வந்தால் சாயாவுக்கும் பழம்பொரிக்கும் வருகிற ஜூனியர் பிள்ளைகள்தான்.) சின்னக்கானல் தேயிலை எஸ்டேட்டில், லயம் என்னும் வரிசை வீடுகளில் இருந்த எங்கள் ஆட்கள் அதைக் கல்யாணப் பத்திரிகையாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஜீப் நிறைய ஏறி, மூணாறு, மறையூர் தாண்டி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக, அதாவது கேரளாவிலிருந்து கேரளாவுக்குத் தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு, பாலக்காட்டில் என் கல்லூரி வாசலில் வந்து இறங்கினார்கள்.

தலைமை சித்தப்பா. அப்பாவின் தம்பி, யூனியன் கன்வீனர். எஸ்டேட்டில் ஒரு தொழிலாளி மேல் குற்றம் சொன்னால் மேஜை போட்டு என்கொயரி வைப்பார்கள். அந்த ஆளுக்காகப் பேச சக தொழிலாளி ஒருவர் கூடப் போகலாம். எங்கள் பக்கத்தில் அந்த ஒருவர் எப்போதும் சித்தப்பாதான். கொழுந்தில் தண்ணீர் தெளித்து எடை ஏற்றியவர்களைக்கூட மீட்டுக்கொண்டு வந்தவர்.

அன்று ஹாலுக்குள் நுழைந்ததும் அவர் கண்டது என்ன? நீள மேஜை. பின்னால் கண்ணாடி போட்ட மூன்று பேர். ஆளுக்கொரு ஃபைல். எதிரே, தோழியிடம் இரவல் வாங்கிய கசவுப் புடவையில் தனியாக நிற்கும் அண்ணன் மகள். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"பயப்படாதத்தா. எதையும் ஒத்துக்கிறாத," என்று என் காதோரம் சொல்லிவிட்டுப் பின்வரிசையில் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

என் ஆராய்ச்சி மோனாய்டுகளின் கோஹோமாலஜி. ஓடிவிடாதீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யலாம், ஆனால் செய்ததைத் திருப்பிவிடலாம் என்ற உத்தரவாதம் கிடையாது. அப்படிப்பட்ட செயல்களின் கூட்டம் மோனாய்டு. பறித்த கொழுந்தை மறுபடி செடியில் ஒட்ட முடியாதல்லவா, அது மாதிரி. இவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டும்போது எங்கே பொருந்தாமல் துருத்துகிறது என்று கணக்கு வைப்பதுதான் கோஹோமாலஜி. இப்படி நாலு பேருக்குப் புரிகிற மாதிரி சொல்ல இன்று வருகிறது. அன்று புரியாத மாதிரி பேசுவதுதான் அறிவு என்று நினைத்திருந்தேன். உதாரணம் சொல்வது ட்யூட்டோரியல்காரர்களின் வேலை என்று ஒதுக்கிய மகா மேதை! என் தீசிஸில் தேற்றத்துக்கு மேல் தேற்றம் இருந்தது, மருந்துக்கு ஓர் உதாரணம் கிடையாது.

வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் வடக்கே எங்கோ பெரிய பேராசிரியர். ஒல்லியான மனிதர். ஆங்கிலம் தவிர வேறு எதுவும் அதுவரை பேசவில்லை. மெதுவாகக் கேட்டார்: உங்கள் இரண்டாம் கோஹோமாலஜி பூஜ்யமாகாத ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

எல்லா இடத்திலும் பூஜ்யம்தான் என்றால், இத்தனை வருடம் நான் ஆராய்ந்தது வெறும் காற்று. பட்டமும் அதோடு போகும். ஒரு தேற்றத்தைச் சொன்னேன். "அது தேற்றம். உதாரணம்?" என்றார். இன்னொரு தேற்றத்தைச் சொன்னேன். மறுபடியும் "உதாரணம்?" என்றார். என் கைடு ஜன்னலுக்கு வெளியே தென்னை மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

அம்மாவுக்கு ரகசியம் பேசத் தெரியாது. "காலையில சாப்பிடாம வந்துட்டாரோ? புள்ளையப் போட்டு இந்த நோண்டு நோண்டுறாரு!" என்றது ஹால் முழுக்கக் கேட்டது.

சித்தப்பா எழுந்தார். மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்.

"சார், ஒரு அப்ஜெக்‌ஷன். ஒரே கேள்விய மூணு தடவ கேட்டாச்சு. புள்ள பதில் சொல்லிருச்சு. ஒங்களுக்குப் பிடிக்கலேங்கிறது வேற விசயம். இதப் பதிவு பண்ணணும். தயாராக டைம் வேணும், வேற தேதி குடுங்க."

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று பார்த்தேன். பாலக்காட்டுத் தரை ரொம்பக் கெட்டி.

எக்ஸாமினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பின்வரிசையைப் பார்த்து, தமிழில் பேசினார்.

"காலம்பற இட்டிலி சாப்டாச்சு அம்மா. நன்னாத்தான் இருந்தது. நான் இங்கே கல்பாத்திக்காரனாக்கும்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எக்ஸாமினர் என் பக்கம் திரும்பினார்.

"எட்டும் ஏழும் எத்தனை, கொழந்தே?"

"பதினஞ்சு சார்."

"எப்படி எழுதுவே?"

"அஞ்சு போட்டு... மீதி ஒண்ணு."

"அந்த ஒண்ணை விட்டுட்டா கணக்கு சரியாகுமோ? அந்த மீதிதான் நான் கேட்ட உதாரணம். ஒரு எடத்துலயாவது எழுதியிருக்கப்படாதா?"

(மீதியை விட்டுவிட்டு ஒற்றை இலக்கங்களைக் கூட்டினால் அதுவும் ஒரு மோனாய்டுதான். விட்ட அந்த மீதியை என்ன தந்திரம் செய்தாலும் பூஜ்யமாக்க முடியாது. இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்குத்தான் தோன்றவில்லை.)

அன்று முழுவதும் அந்த ஹாலில் எங்கள் ஜீப் மொத்தத்துக்கும் புரிந்த ஒரே விஷயம் அதுதான். பிறகு, யூனியனின் கேட் மீட்டிங்கில் மைக் இல்லாமல் பேசிப் பழகிய குரலில் சித்தப்பா கேட்டார்:

"மீதி ஒண்ணா? இதுக்கா இத்தன வருசம் ஹாஸ்டல்ல கெடந்த?"

ஹால் சிரித்தது. எக்ஸாமினர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். என் கைடுகூடத் தென்னை மரத்தை விட்டுவிட்டுச் சிரித்தார்.

உதாரணங்களோடு ஓர் அத்தியாயம் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையில் பட்டம் தப்பித்தது. ஜீப்பில் ஏறியதும் சித்தப்பா தீர்ப்பை அறிவித்தார்: "வேல போகல. எச்சரிக்கையோட விட்டுட்டாங்க. நான் மட்டும் எந்திரிக்கலேன்னா சஸ்பென்சன்தான்."

என்னை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று பொள்ளாச்சி வரை வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தேன். மறையூர் ஏற்றத்தில் குளிர் வந்ததும் அம்மா தன் சால்வையில் பாதியை என் மேல் போட்டார். அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்போது நினைத்தால், அந்த ஜீப்பில் மறுபடி ஒரு நாள் இடித்துப் பிடித்து உட்கார எதையும் கொடுப்பேன். அம்மா இல்லை. லயத்தில் எங்கள் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். இப்போதெல்லாம் நானே எக்ஸாமினராகப் போகிறேன். எதிரே நிற்கும் பிள்ளை திணறும்போது என் கண் தானாகப் பின்வரிசைக்குப் போகும். அங்கே பெரும்பாலும் ஒருவரும் இருப்பதில்லை. "முதலில் சாயா குடிச்சிட்டு வரலாம்," என்று நானே சொல்லிவிடுவேன்.

வேலை ஓய்ந்து போடிக்குக் குடிபோன சித்தப்பாவைப் போன மாதம் பார்த்து வந்தேன். பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து அறிமுகப்படுத்தினார்.

"எங்க அண்ணன் மக. மீதி ஒண்ணுல டாக்டர்."

பக்கத்து வீட்டுக்காரர் விழித்தார். "அப்படின்னா என்னங்க?"

சித்தப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"ஒரு உதாரணம் சொல்லுத்தா."