ஐந்தில் இரண்டு பேர் போனால்

எனக்குக் கழித்தல் கற்றுக்கொடுக்கத் தெரியாது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கும் ஒருத்தி இப்படிச் சொல்லலாமா என்றால், உண்மையை எத்தனை நாள்தான் மூடிவைப்பது?

சில வருடங்களுக்கு முன், மெர்போக் என்ற ஊரில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சின்னத் தமிழ்ப்பள்ளி. வகுப்பில் மொத்தமே ஒன்பது பிள்ளைகள். என் பாடத்தைப் பார்த்து மதிப்பெண் போட ஓர் அதிகாரி அம்மா வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் சரி என்றால்தான் என் வேலை நிரந்தரமாகும். நானோ, பலகையில் படம் வரைந்து காட்டுவதெல்லாம் பழைய முறை, பிள்ளைகளை வைத்து நடித்தே காட்டுவேன் என்று முடிவுகட்டியிருந்தேன். (புது டீச்சர் இல்லையா, கொழுப்பு.)

ஐந்து பேரை முன்னால் நிறுத்தினேன்.

"கவின், தர்ஷினி, நீங்க ரெண்டு பேரும் வெளியே போங்க."

"போயிட்டு வரோம் டீச்சர்" என்று சமர்த்தாகச் சொல்லிவிட்டு இருவரும் போனார்கள்.

இதைக் கணித வாக்கியமாக எழுதச் சொன்னேன். யாழினி எழுந்து வந்து எழுதினாள்: 5 − 2 + 2 = 5.

"பிளஸ் ரெண்டு எங்கேருந்து வந்துச்சு?"

"போயிட்டு வரோம்னு சொன்னாங்கல்ல டீச்சர். வருவாங்க லா."

அதிகாரி அம்மாவின் பேனா நின்றது.  வேலை போய்விடும் என்ற பயத்தில் குரலை உயர்த்தினேன். "போனவங்க போனவங்கதான். திரும்பி வரவே மாட்டாங்க."

கவினோடு இரட்டையாகப் பிறந்த கவிதா ஓவென்று அழ ஆரம்பித்தாள். "என்ன டீச்சர், பிள்ளைங்களப் பார்த்து இப்படியா சொல்வீங்க?" என்றார் அதிகாரி அம்மா.

கூப்பிடலாம் என்று எட்டிப் பார்த்தால் வராந்தாவில் யாரும் இல்லை. தேடி வர இருவரை அனுப்பினேன். அவர்களும் சொல்லிக்கொண்டுதான் போனார்கள், வரவில்லை. அவர்களைத் தேட இன்னும் இருவர். அதற்குப் பிறகு அதிகாரி அம்மாவே எழுந்தார்: "நான் பார்த்துட்டு வரேன்." அவரும் வரவில்லை. மிச்சமிருந்த மூன்று பேரையும் கையில் பிடித்துக்கொண்டு நானே கிளம்பினேன். வகுப்பில் மீதி சுழியம்.

ஆறு பேரும் கண்டீனில் வரிசையாக உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அதிகாரி அம்மா, கையில் நுரை பொங்கும் தே தாரேக் டீ.

"ரெண்டு ரெண்டா வந்தாங்க டீச்சர். நீங்கதான் சாப்பிட அனுப்புறீங்கன்னு நெனச்சேன்" என்றார் கண்டீன் அக்கா.

அண்ணனைக் கண்டதும் கவிதா அழுகையை நிறுத்திவிட்டு அவன் தட்டில் கைவைத்தாள். யாழினி நிதானமாக எண்ணி முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

வேலை நிரந்தரமானது. மதிப்பீட்டுத் தாளில் மட்டும் ஒரு வரி: 'கழித்தல் நன்று. கழித்தவர்களைத் திரும்பச் சேர்க்கப் பழக வேண்டும்.'

அதை என் வீட்டுக்காரரிடம் காட்டியது நான் செய்த அடுத்த தப்பு. இன்றைக்கும் பாசாருக்குக் காய்கறி வாங்கக் கிளம்பினால், "வெறும் மைனஸா, பிளஸ்ஸும் உண்டா?" என்று கேட்கிறார். எங்கள் நான்கு வயது மகள் இன்னும் மோசம். "மைனஸ் ஒன்னு, பிளஸ் ஒன்னு" என்று நான் சொல்லும்வரை வாசலில் என் கைப்பையை விடுவதில்லை.

நானும் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.