ஹிஸ்டமின் மூட்டை

ருசி பார்க்க உறிஞ்சிய தேநீரைத் தொட்டியில் துப்புவதற்குள் தும்மல் முந்திக்கொண்டதால், லூயிஸ் அதைத் தங்கராஜுவின் சட்டையில் துப்பும்படி ஆயிற்று.

"பரவால்லண்ணே," என்றான் தங்கராஜு, சந்தோஷமாக. "மாசக் கடைசியில வெளிநாட்டுக்காரங்க சட்டையில படாம பாத்துக்குங்க."

சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் இருவரும் உதவி டேஸ்டர்கள். தலைமை டேஸ்டர் இடம் காலி. மாதக் கடைசியில் வாங்க வருபவர்கள் முன்னால் யார் சரியாக ருசி சொல்கிறாரோ, அவருக்கு அந்த நாற்காலி. லூயிஸின் மூக்குக்கு மலை முழுக்கப் பேர் உண்டு. அந்த மூக்குதான் இப்போது குழாயாக ஒழுகிக்கொண்டிருந்தது.

முதல் சந்தேகம் அடுத்த வீட்டு அற்புதம்மாளின் பூனைமேல் விழுந்தது. லூயிஸ் யாருக்கும் தெரியாமல் அதைக் காய்கறி லோரியில் ஏற்றி, கோலா தெர்லா என்ற ஊருக்கு அனுப்பினார். தும்மல் போகவில்லை, எலிகள் வந்தன.

"எம் பூனைய நாடு கடத்துனியே, ஒம் மூக்கு ஒழுகுறது நின்னுச்சாய்யா?" என்று, லோரிக்காரன் வாயால் விஷயம் தெரிந்துகொண்ட அற்புதம்மாள், வரிசை வீடுகளான லயம் முழுக்கக் கேட்கும்படி விசாரித்தாள்.

அடுத்து, மனைவி ஃபியோனா மாதா கோயிலுக்கென்று வளர்த்த சாமந்திச் செடிகளைப் பிடுங்கினார். தும்மல் நிற்கவில்லை, ஃபியோனா சமையலை நிறுத்தினாள்.

காற்றோட்டம் வேண்டுமென்று ஜன்னல்களைத் திறந்துவைத்தார். மலைக்குளிர் உள்ளே வந்தது. நீண்ட காலச் சேவையைப் பாராட்டி, "என் சொந்த மப்ளர், லூயிஸ்!" என்று இரண்டு மாதத்துக்கு முன் எஸ்டேட் மேனேஜர் துரை தம் கையாலேயே போர்த்தியதும், அன்றுமுதல் அவர் தோளைவிட்டு இறங்காததுமான சிவப்புக் கம்பளி மப்ளரைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றிக்கொண்டார். கௌரவம் கரைந்துவிடும் என்று அதை அவர் துவைத்ததே இல்லை.

தும்மல் இரட்டிப்பாயிற்று. கடையில் வாங்கிய மாத்திரை அதை நிறுத்தியது. லூயிஸையும் சேர்த்து நிறுத்தியது. கரண்டியைப் பிடித்தபடியே மேசையில் தூங்கிப்போனார்.

"மொதல்ல மாத்திரைய நிறுத்துங்க அங்கிள்," என்றார் பிரிஞ்சாங் டாக்டர் ஷஃபிகா. "இல்லன்னா தோல் டெஸ்ட் ஒண்ணுமே காட்டாது."

நாள் தள்ளிப்போய், வாங்குபவர்கள் வருவதற்கு முந்தின நாள்தான் டெஸ்ட் நடந்தது. முன்கையில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்துக் குத்தினார். பூனை, பூ, தேயிலைத் தூசி எதற்கும் அசைவில்லை. ஒரே ஒரு சொட்டு மட்டும் கொசு கடித்தது போல் வீங்கியது.

"நாய்," என்றார் டாக்டர்.

"எங்க லயத்துல நாயே கெடையாது டாக்டரம்மா!"

"எங்கயோ பட்டிருக்கு. மாஸ்ட் செல்னு ஒண்ணு இருக்கு அங்கிள். எலும்பு மஜ்ஜையில பொறக்கும், அப்ப வெறும் பிஞ்சு. மூக்குலயும் தோல்லயும் வந்து குடியேறுனாத்தான் முத்தும். உள்ளுக்குள்ள ஹிஸ்டமின் மூட்டை மூட்டையா கட்டி வச்சிருக்கும்."

"காட்டுல கொழுந்து, பேக்டரியில தூள். அப்படித்தானே?"

"அதேதான். மொதல்ல படும்போது ஒண்ணும் காட்டாது. ஒடம்பு அதுக்குன்னு ஒரு எதிர்ப்பொருளச் செஞ்சு செல்லு மேல ஒட்டி வைக்கும். அப்புறம் அதே ஆளு வந்தான்னா, மூட்டையெல்லாம் அவுத்துக் கொட்டிரும்."

"ஒரு கெடுதலும் செய்யாத ஆளுக்கா?"

"ஆமா."

"நம்ம மேனேஜ்மெண்ட்டு மாதிரி," என்றார் லூயிஸ், நிம்மதியாக. ருசி பார்க்கும் அறையில் பூனையே வந்ததில்லை, நாய்க்கு எங்கே போவது? மாத்திரையே தேவையில்லை.

மறுநாள் துரை வருகிறார் என்பதால், மரியாதைக்கு மப்ளரை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார். கோப்பைகள் வரிசையாக நின்றன. வெளிநாட்டுக்காரர்கள் பேனாவோடு நின்றார்கள். லூயிஸ் ஒரு வாய் உறிஞ்சினார், கண்ணை மூடினார்.

அறையிலிருந்த அத்தனை வெள்ளைச் சட்டையிலும் துரையின் சட்டைக்குத்தான் அந்த வாய்த் தேநீர் முழுதாகக் கிடைத்தது.

"லூயிஸ்!" துரையின் முகம் மப்ளர் நிறத்துக்கு வந்தது. "நாளையிலேருந்து தங்கராஜுதான் தலைமை டேஸ்டர்!"

"துரை, இங்க எங்கயோ நாய் இருக்கு!"

"யாரைச் சொல்ற?"

பதறிப்போன லூயிஸ் மப்ளரை உருவி, துரையின் நெஞ்சை அழுத்தித் துடைக்கத் தொடங்கினார். பிஸ்கட் தட்டோடு வந்த பங்களா வேலைக்காரி பவளம், தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஐயோ துரை, அதுல தொடைக்க விடாதீங்க! நம்ம ஜிம்மி சாகுற வரைக்கும் படுத்துக் கெடந்த துணிலா அது!"