சர்வே எண் 142/3-இல் ஒரு வேட்டு

அரசாங்கத்தின் கண்ணில் துப்பாக்கி இரண்டு வகைப்படும். தேர்தலுக்கு முன் ஒப்படைக்கப்பட்டது ஒன்று, ஒப்படைக்கப்படாதது ஒன்று. மூன்றாவதாகவும் ஒரு வகை உண்டு என்று கண்டுபிடித்த பெருமை எங்கள் கோணவேலம்பாக்கம் காவல் நிலையத்தைச் சேரும். அப்போது அங்கே ரைட்டராக இருந்த ஏட்டு சம்பத் நான்தான். அதனால் இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. இருந்தால், மேலிடத்துக்கு அனுப்பிய நகலில் இருக்கலாம்.

1999, பாராளுமன்றத் தேர்தல். உரிமம் பெற்ற ஆயுதங்கள் அனைத்தும் ஆகஸ்ட் இருபதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள், குண்டு நீக்கப்பட்ட நிலையில், அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். தவறினால் உரிமம் ரத்து, மேற்கொண்டு வழக்கு என்று உத்தரவு வந்தது. எங்கள் எல்லையில் மொத்தமே நாலு துப்பாக்கி. மூன்று வந்துவிட்டன. கடைசி நாள் நாலேகால் மணிக்கு நாலாவது துப்பாக்கி டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கியது. கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டிருந்தார்.

தூக்கிக்கொண்டு வந்தவர் செங்கல்வராயன். இரண்டு ஏக்கர் மானாவாரியில் வேர்க்கடலை போட்டிருக்கும் விவசாயி. பின்னாலேயே அவர் சம்சாரம் முனியம்மா. உரிமப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். வகை: ஒற்றைக் குழல், வாய்வழியே மருந்திடுவது. நோக்கம்: பயிரைச் சேதப்படுத்தும் விலங்குகளை விரட்டுதல். எல்லை: சர்வே எண் 142/3 மட்டும். கடைசிப் பக்கத்தில் வருஷா வருஷம் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம்: ‘விரட்டப்பட்ட விலங்குகளின் எண்ணிக்கை.’ அதில் செங்கல்வராயன் ஒவ்வொரு வருஷமும் ‘பன்னி, எண்ணல’ என்று எழுதியிருந்தார்.

“குண்டு நீக்கியாச்சா?” என்று கேட்டேன்.

“இல்ல ஏட்டையா. காலைல பன்னி வர்ற மாரி இருந்துச்சி, கெட்டிச்சேன். வர்ல.”

“இப்ப எடுத்துடுய்யா.”

“எடுக்க வராது ஏட்டையா. மொதல்ல மருந்து, மேல தேங்கா நாரு, அதுக்கு மேல சைக்கிள் பால்ரஸ் குண்டு. எல்லாம் வாய் வழியா போட்டு கம்பியால இடிச்சி வச்சிகீறேன். சுட்டாதான் வெளிய வரும்.”

“அப்ப சுட்டுடு.”

இதைக் கேட்டு உள்ளேயிருந்து எஸ்.ஐ. ரவிச்சந்திரன் ஓடி வந்தார். “யோவ் சம்பத், தேர்தல் நடத்தை விதி அமல்ல கீது. எவனாவது சுட்டா கேஸ் போடணும்னு நேத்து நீதானய்யா டைப் அடிச்ச?”

“அப்ப குண்டோட வாங்கிடலாங்களா சார்?”

“வாங்கினா என் மேல கேஸ்.”

“திருப்பி அனுப்பிட்டா?”

“அஞ்சு மணிக்கு மேல அவன் மேல கேஸ்.”

நாலு பேரும் துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க சார்” என்றாள் முனியம்மா. “மருந்து நமுத்துப் பூடும். வேல முடிஞ்சிது.”

எஸ்.ஐ. முகத்தில் வெளிச்சம் வந்தது. அங்கேயே முடிந்திருக்க வேண்டிய விஷயம். என் வாய் சும்மா இருந்ததா? “அது பதிவேட்டில் கண்ட ஆயுதத்தைச் சேதப்படுத்தும் குற்றமாகும் சார்” என்றேன். பிரிவு எண்ணையும் சொன்னேன். பத்து வருஷமாக அந்தப் பிரிவைப் பயன்படுத்த எனக்கு ஒரு சந்தர்ப்பமும் வாய்க்கவில்லை, அந்த ஆதங்கம். எஸ்.ஐ. முகத்தில் வந்த வெளிச்சம் அணைந்தது.

ஆகவே துப்பாக்கி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் போகவில்லை. வராந்தா பெஞ்சில் சாய்த்து வைத்து, ‘ஒப்படைக்கும் நிலையில் உள்ளது’ என்று பதிவு செய்தோம். அதுதான் அந்த மூன்றாவது வகை. குண்டு நிரப்பிய ஆயுதத்தை விட்டு உரிமதாரர் நீங்கலாகாது என்பதால் பக்கத்திலேயே செங்கல்வராயனும் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் காவலாக இரண்டு கான்ஸ்டபிள்.

விளக்கம் கேட்டு தேர்தல் துணை வட்டாட்சியர் ஸ்ரீனிவாசராகவனுக்கு எழுதினோம். மிகவும் கண்ணியமான மனிதர். எந்தக் கடிதத்துக்கும் ஒரு கேள்வியாவது பதிலாக அனுப்பாமல் இருக்கமாட்டார். ‘மேற்படி வகைத் துப்பாக்கியின் நன்மை தீமைகள் குறித்து விரிவான அறிக்கை அனுப்புக’ என்று எட்டாம் நாள் பதில் வந்தது.

அறிக்கை என்றால் எனக்குச் சாப்பாடு வேண்டாம். நாலு பக்கம் எழுதினேன். ‘இத்துப்பாக்கியை ஒருமுறை சுட்டபின் மறுபடி கெட்டிக்க நெடுநேரம் பிடிப்பதால், சுடுபவரின் கோபம் தணிய நல்வாய்ப்பு ஏற்படுகிறது. சுடப்படுபவருக்கும் யோசிக்க அவகாசம் கிடைக்கிறது. குழலின் உட்புறம் வழவழப்பாக உள்ளதால் ரவைகள் தத்தம் விருப்பப்படி பிரிந்து செல்லும். எனவே குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைத்ததாக எவர் மீதும் குற்றம் நிரூபிக்க இயலாது. தீமைகளாவன: மழையில் வேலை செய்யாது. அவசரத்திலும் வேலை செய்யாது. ஒருமுறை வாய்வழியே உள்ளே போனதை வெளியே எடுக்க முடியாது. வேலை செய்தாலோ, எழும் புகையில் யார் செய்தது என்று தெரியாது.’

எஸ்.ஐ. படித்துவிட்டு நிமிர்ந்தார். “இன்னாய்யா, தீமைல துப்பாக்கிய எடுத்துட்டு நம்ம ஆபீஸ்னு போட்டா அப்பிடியே பொருந்துது?”

“அப்படி எழுதினா கையெழுத்து கிடைக்காதுங்க சார்.”

முனியம்மா தினமும் மத்தியானம் புருஷனுக்குச் சோறு கொண்டு வருவாள். காலையும் மாலையும் கடலைக் கொல்லையைச் சுற்றி எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு நடப்பதில் அவள் கைவிரல்கள் வீங்கிப் போயிருந்தன.

“பன்னி ரெண்டு வரிசய தோண்டிப் போட்டுச்சி சார். செடி புடுங்க இன்னும் பத்து நாள்தான் கீது. இந்த வருசத்துக்கு எங்களுக்கு அதான் கதி. துப்பாக்கிய நீங்களே வச்சிக்குங்க, இந்த மனுசனையாவது வுட்டுடுங்க.”

“அப்படி விட்டா துப்பாக்கி அனாதை ஆயுதமாயிடும்மா. அதுக்குத் தனி விதி” என்றேன்.

“தண்ணி ஊத்துங்கன்னேனே!” என்று கத்திவிட்டு, தூக்குவாளியை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைப் பதிவு செய்ய எங்கள் பதிவேட்டில் கட்டம் இல்லை.

கடைசியில் அனுமதி வந்தது. துப்பாக்கியைச் சுட்டு, காலி செய்து, ஒப்படைக்கலாம். நிபந்தனைகள்: ஒரே ஒருமுறை சுட வேண்டும். உரிமத்தில் கண்ட 142/3-இல்தான் சுட வேண்டும். எந்தக் கட்சியின் சுவர் விளம்பரத்தை நோக்கியும் சுடலாகாது. எல்லாக் கட்சிப் பிரதிநிதிகளும், தீயணைப்பு வண்டியும், மருத்துவக் குழுவும், வீடியோவும் இருக்க வேண்டும். பறவைகளைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்தும் கடிதம் வந்தது. பக்கத்திலுள்ள வேடந்தாங்கலுக்கு இவ்வருடப் பறவைகள் இன்னும் வந்து சேராததால் அவற்றின் ஆட்சேபணையைப் பெற இயலவில்லை என்று வருத்தம் தெரிவித்திருந்தார்கள்.

செப்டம்பர் பத்தாம் தேதி, காலை பத்து மணி. வெயிலாக இருந்ததால் வேர்க்கடலைக்கு நடுவில் ஷாமியானா போட்டோம். வருகைப் பதிவேட்டில் அறுபத்திரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் தூரத்தில் ஏதோ ஒரு கட்சியின் சுவர் தெரிந்ததால், வானத்தை நோக்கிச் சுடுவதென்று முடிவாயிற்று. ஸ்ரீனிவாசராகவன் புது சஃபாரி சூட்டில் வந்திருந்தார். கையில் செல்போன். அப்போதெல்லாம் அதிகாரி என்பதற்கு அடையாளமே அதுதான். பேச முடியாவிட்டாலும் பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி பிடித்துக்கொள்வார்கள்.

செங்கல்வராயன் துப்பாக்கியை உயர்த்தினார். அறுபத்திரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். விசையை அழுத்தினார்.

டிக்.

அவ்வளவுதான்.

“இன்னாச்சிய்யா?” என்றார் எஸ்.ஐ.

“மூணு வாரமா வராந்தால சாரலு சார். உள்ள மருந்து காஞ்சிதான் கீது. மருந்த பத்த வக்கிற கேப்புதான் நமுத்துப் போச்சி. வேற கேப்பு வச்சி அடிச்சா...”

“இருங்கோ!” என்று கையைத் தூக்கினார் ஸ்ரீனிவாசராகவன். “அனுமதி ஒருமுறைக்குத்தான். இப்ப கேட்ட டிக் ஒருமுறையில் சேருமா, சேராதா? மேலிடத்தைக் கேட்காமல் நான் எப்படிச் சொல்றது?”

செல்போனில் டவர் கிடைக்கவில்லை. வரப்பில் ஏறினார், கிடைக்கவில்லை. கடைசியில் பக்கத்துக் கொல்லையின் மோட்டார் கொட்டகை மேல் ஏறி நின்று, நாலு திசைக்கும் போனைக் காட்டத் தொடங்கினார்.

காத்திருக்கிற மனிதனுக்குக் கை சும்மா இருக்குமா? முதலில் தீயணைப்பு ஆள் ஒருவர் குந்தி உட்கார்ந்து ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, ஒரு கடலையை உரித்து வாயில் போட்டார். “சோக்கா கீதுப்பா” என்றார். அந்தத் தேர்தலிலேயே எல்லாக் கட்சிகளும் ஒத்துப்போன ஒரே கருத்து அதுதான். ஆளுக்கொரு வரிசையில் உட்கார்ந்தார்கள். மருத்துவக் குழு உடம்புக்கு நல்லது என்று சான்றளித்தபடியே தின்றது. வீடியோக்காரர் ஒரு கையால் படம் பிடித்தார், மறு கையால் உரித்தார். எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி அதில் சேர்த்தார். நானும் இரண்டு செடி பிடுங்கினேன். சும்மா சொல்லக்கூடாது, பச்சைக் கடலை அப்படித் தித்தித்தது.

வரப்பில் நின்ற முனியம்மா கொல்லைக்குள் இறங்கி வந்தாள்.

“அடப் பாவிங்களா! மூணு வாரத்துல பன்னி தின்னது ரெண்டு வரிச. அர மணி நேரத்துல பாதிக் கொல்லைய முடிச்சிட்டீங்களேடா!”

எல்லார் வாயும் நிறைந்திருந்தது. அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்துக்கொண்டாள். இடுப்பில் செருகியிருந்த தீப்பெட்டியை எடுத்துத் திறந்து, புருஷன் கையில் ஒரு புதுக் கேப்பை வைத்தாள்.

“இத வையி.”

“ஏய், ரெண்டாந்தபா அடிக்கலாமான்னு ஐயா இன்னும் கேட்டுகினு கீறாரு...”

“லைசென்சுல இன்னா எழுதிகீது?”

“பயிர நாசம் பண்றத வெரட்ட.”

“அப்பறம் இன்னா பாக்கற?”

செங்கல்வராயன் ஒரு நிமிஷம் கொல்லையைப் பார்த்தார். கேப்பை வைத்தார். வானத்தைப் பார்த்துத் தூக்கினார்.

டமார்!

அப்படி ஒரு சத்தத்தை நான் சர்வீஸில் கேட்டதில்லை. கொல்லை முழுக்கப் புகை. கட்சிக்காரர்கள் தங்கள் கொள்கைப்படி வெவ்வேறு திசைகளில் ஓடினார்கள். தீயணைப்பு வண்டி பாதி ஆட்களை விட்டுவிட்டுக் கிளம்பியது. எஸ்.ஐ. தொப்பியைக் கடலையோடு தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார். கொட்டகை மேலிருந்த ஸ்ரீனிவாசராகவன் போனோடு தண்ணீர்த் தொட்டியில் குதித்தார். நான் எங்கே ஓடினேன் என்று எனக்கே தெரியாது. மெயின் ரோட்டுப் புளியமரத்தடியில்தான் நின்றேன். புகை விலகியபோது 142/3-இல் செங்கல்வராயனும் முனியம்மாவும் மீதிப் பாதிக் கடலையும் மட்டும் இருந்தார்கள்.

சாயங்காலம் இரண்டு பேரும் துப்பாக்கியோடு ஸ்டேஷனுக்கு வந்தார்கள்.

“இப்ப குண்டு இல்ல ஏட்டையா” என்றார் செங்கல்வராயன்.

உள்ளே எஸ்.ஐ. வீடியோ கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். அதில் அவர் எப்படித் தெரிந்தார் என்று நான் கேட்கவில்லை.

“கேஸ் போடலாங்களா சார்?” என்றேன்.

“எதுலய்யா போடுவ? சுட்ட எடம் சரி, சுட்ட நோக்கம் சரி” என்று சொல்லிவிட்டு, கேசட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினார்.

பதிவேட்டில் ‘குண்டு நீக்கப்பட்டதா? ஆம்’ என்று எழுதி, துப்பாக்கியை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினேன். உரிமப் புத்தகத்தை நீட்டினால் முனியம்மா வாங்கவில்லை.

“கடசிப் பக்கத்துக் கட்டத்தையும் நெறப்பிக் குடுங்க சார். நாளிக்கு செடி புடுங்கிடுவோம். அப்பறம் நெறப்பலன்னு லைசென்ச புடுங்குவீங்க.”

விரட்டப்பட்ட விலங்குகளின் எண்ணிக்கை. வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்த்து, கணக்கு தவறக்கூடாது என்று ‘62’ என எழுதினேன்.

முனியம்மா குனிந்து பார்த்தாள். அப்புறம் என் சட்டைப் பையைப் பார்த்தாள். பையிலிருந்து ஒரு வேர்க்கடலைக் கொடி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

அதை அடித்துவிட்டு, ‘63’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.