சீரியலே பார்க்காத கோலப்பன்

"நான் சீரியலே பார்க்கிறதில்லை" என்று யாராவது உங்களிடம் சொன்னால், ஐயா, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். இனி அவர் சீரியலைப் பற்றித்தான் பேசப் போகிறார். கதாநாயகியின் தாலி எந்த வாரம் அறுந்தது, மலையிலிருந்து உருண்டு செத்துப்போன சித்தப்பா எந்த வியாழக்கிழமை தாடியோடு திரும்பி வந்தார், வில்லி மாமியாருக்கு இத்தனை நல்ல புடவையாக எடுத்துக் கொடுக்கிற புண்ணியவான் யார், எல்லாம் சொல்வார். சொல்லி முடித்துவிட்டு, "வீட்டுல ஓடும், காதுல விழும், அவ்வளவுதான்" என்பார். காதில் விழுந்தவருக்குப் புடவையின் கரை நிறம் எப்படித் தெரிந்தது? கேட்காதீர்கள். நட்பு கெடும்.

இந்த இனம் முன்பெல்லாம் டீக்கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒற்றை ஒற்றையாக மேய்ந்துகொண்டிருந்தது. முகநூல் வந்தது, மந்தையாகிவிட்டது.

வடசேரியில் மோட்டார் பம்ப் கடை வைத்திருக்கும் கோலப்பனைத்தான் நான் நன்றாக அறிவேன். ஆகவே அவரை வைத்தே சொல்கிறேன். 2014-ஆம் ஆண்டில் 'மேலவீட்டு மருமகள்' என்று ஒரு தொடர் ஓடியது. வீட்டை ஆளும் மாமியார் சௌந்தரம், அழுதே ஆளப் பார்க்கும் மருமகள் வித்யா, இவ்வளவுதான் கதை. கோலப்பன் மாலையில் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, குளித்து, திருநீறு பூசி, ஏழு மணிக்குச் சரியாகத் தொலைக்காட்சிக்கு எதிரே நாளிதழை விரித்துக்கொண்டு உட்காருவார். மனைவி சண்முகவடிவு தொடர் பார்ப்பாள். இவர் உலக நடப்பு பார்ப்பார். விளம்பர இடைவேளை தோறும் "கண்றாவி" என்பார்.

"கண்றாவின்னா அந்த ரூமுல போயி இருந்து படியுங்களேன்" என்பாள் சண்முகவடிவு.

"அங்க வெளிச்சம் பத்தாது."

"அரை மணிக்கூறா ஒரு பக்கத்தையே வச்சிட்டு இருக்கியோ. திருப்பவாவது செய்யுங்கோ."

மறுநாள் காலை கடையைத் திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி, கணினி முன் உட்கார்ந்ததும் கோலப்பன் மறைந்துவிடுவார். 'முள்கரண்டி' தோன்றிவிடுவார். முகநூலில் அதுதான் அவர் பெயர். 'மேலவீட்டு மருமகள் உண்மை ரசிகர்கள்' என்ற குழுவில் முந்தின நாள் எபிசோடுக்கு மூன்று பத்தியில் விமர்சனம் எழுதுவார். முதல் பத்தியில் தமிழ்ப் பண்பாட்டின் வீழ்ச்சி. பிறகு "நிற்க" என்று ஒரு சொல். அதற்கப்புறம் வித்யாவின் கற்பு, பொறுமை, கண்ணீர். பம்புக்கு வாசர் வாங்க வந்தவன் பம்பைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்பான். நிற்கட்டும். இலக்கியமா வாசரா?

அந்தக் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை நடத்தியவன் ஷார்ஜாவில் வேலை பார்த்த ஸ்ரீஜித். இப்படிப்பட்ட எல்லாக் குழுவையும் போல அதுவும் இரண்டாக உடைந்து, பிரிந்து போனவர்கள் 'உண்மையான உண்மை ரசிகர்கள்' என்று தனிக்கடை போட்டிருந்தார்கள். காலையில் பூப்படம் போடுகிறவர்கள், நடிகைக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிவிட்டு பதிலுக்குக் காத்திருப்பவர்கள், எதைக் கண்டாலும் "அருமை" என்கிறவர்கள், தலைவலி என்று எழுதினால் சுக்குக் கஷாயம் சொல்கிறவர்கள் எல்லாரும் இருந்தார்கள். செல்லக்கிளி என்று ஒரு பெண் இருந்தாள். வித்யா அழுதால் தானும் அழுவாள். கோலப்பன் அவளுக்கு, "தங்கச்சி, மனசு விடாதே, சாப்பிட்டியா?" என்று எழுதுவார்.

பவழமல்லி என்றும் ஒருத்தி இருந்தாள். அவளுக்குச் சாப்பாடு விசாரிப்பெல்லாம் கிடையாது.

"ஐயா முள்கரண்டியாரே, முப்பது வருடம் அந்த வீட்டைத் தூக்கி நிறுத்தியவள் சௌந்தரம். அவள் சாவியைக் கொடுக்க மறுத்தால் கொடுமையா? உங்கள் வித்யா வந்த நாளிலிருந்து கண்ணைத் துடைத்ததைத் தவிர அந்த வீட்டில் எதைத் துடைத்தாள்?"

படித்ததும் கோலப்பனுக்குக் காது சிவக்கும். "பெண்ணே பெண்ணுக்கு எதிரி" என்று தொடங்கிப் பொரிந்து தள்ளுவார். அவள் ஒரே வரியில் பதில் போடுவாள். அந்த ஒரு வரியை நாள் முழுக்க மென்றுகொண்டிருப்பார். அவள் எழுத்தில் ஒரு பிழை இருக்காது. சந்திப்பிழை கூட இருக்காது. அதனால் அவள் சென்னைக்காரி என்றும், கண்ணாடி போட்டவள் என்றும், பெரிய அதிகாரியின் மனைவி என்றும் கோலப்பன் முடிவு கட்டியிருந்தார். ஒன்றரை வருடமாக, ஊதுபத்தி அணைவதற்குள் அவர் முதலில் தேடியது பவழமல்லி என்ன வைதிருக்கிறாள் என்பதைத்தான். இதற்கு நட்பு என்று பெயரா? அவரிடம் கேட்டிருந்தால் உங்களையும் வைதிருப்பார்.

ஒரு புரட்டாசி மாதம் அந்தப் பெயரிலிருந்து ஒரு பதிவு வந்தது. தமிழ் அவளுடையதாக இல்லை.

"நான் ரெஜிஷா. இது எங்க அம்மா கணக்கு. அம்மா நேத்து காலையில இறந்துட்டாங்க. ரெண்டு கிட்னியும் போய் மூணு வருஷமா டயாலிசிஸ்ல இருந்தாங்க. உங்க எல்லாரையும் பத்தி வீட்டுல பேசுவாங்க. அம்மா பேரு கிரேசி. இன்னைக்கு சாயங்காலம் ராஜாக்கமங்கலம்துறையில அடக்கம்."

குழு கொந்தளித்தது. அழுகிற மஞ்சள் முகங்கள் வரிசை கட்டின. "ஆழ்ந்த அனுதாபம்" என்பதை எத்தனை விதமாகத் தப்பாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதினார்கள். ஸ்ரீஜித் கண்ணீர் அஞ்சலிப் பதாகை ஒன்று தயாரித்தான். அவளுடைய படம் யாரிடமும் இல்லாததால் வித்யாவாக நடிக்கும் நடிகையின் படத்தைப் போட்டுவிட்டான். சௌந்தரத்தின் கட்சிக்காரிக்கு வித்யாவின் முகம்! அதன் கீழே ஒருவர் "அருமையான பதிவு, வாழ்த்துகள்" என்றார். இன்னொருவர், "RIP. நேற்றைய எபிசோடு லிங்க் யாரிடமாவது இருக்கிறதா?" என்றார்.

கோலப்பன் ஒன்றும் எழுதவில்லை. ராஜாக்கமங்கலம்துறை என்ற ஊர்ப்பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். வடசேரிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்தான், அங்கே பம்பு பழுது பார்க்க எத்தனையோ தடவை போயிருக்கிறார். ஷட்டரை இழுத்து விட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தார்.

"என்ன, நேரத்தே வந்திட்டியோ? மேலுக்கு முடியலியா?" என்றாள் சண்முகவடிவு.

"ஒரு ஆளு செத்துப்போச்சு."

"ஆரு?"

"தெரிஞ்ச ஆளு."

"ஆம்பிளையா, பொம்பளையா?"

"பொம்பள."

சண்முகவடிவு கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியாம உங்களுக்கு எந்தப் பொம்பளையத் தெரியும்? பாத்திருக்கியளா?"

"இல்ல."

"பேசியிருக்கியளா?"

"இல்ல. வைதிருக்கேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "பவழமல்லியா?" என்றாள்.

கோலப்பன் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மவ வாங்கித் தந்த போன்ல நானும் படிக்கத்தான் செய்யுதேன். முள்கரண்டி ஆருன்னு மொத நாளே தெரியும். 'நிற்க'ன்னு எழுதுததுக்கு வடசேரியில வேற ஆளு உண்டா? என்ன ஆச்சு அவளுக்கு, நல்லா எழுதுவாளே... சட்டைய மாத்துங்கோ. நானும் வாறேன்."

இருவரும் பஸ் பிடித்துப் போனார்கள். துறையில் இறங்கியதும் மாதா கோயில் மணி ஒற்றை ஒற்றையாக அடித்துக்கொண்டிருந்தது. கிரேசியின் வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே ஜெபமாலை சொல்லும் சத்தம். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தவள், கோலப்பன் முடிவு கட்டிவைத்திருந்த எதைப் போலவும் இல்லை. ஒல்லியான, கறுத்த, முன்நெற்றி நரைத்த பெண். மூக்குக்கண்ணாடி இல்லை. இடது கை முழுக்க ஊசி குத்திக் குத்திப் புடைத்த நரம்பு. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவளாம்.

சண்முகவடிவு பெண்களோடு போய் உட்கார்ந்துவிட்டாள். கோலப்பன் மட்டும் வழியில் நின்றார். வயதான ஒருவர் அவரிடம் வந்தார்.

"எங்கேருந்து?"

"வடசேரி."

"சொந்தமா?"

"இல்ல."

"கூட வேல பாத்ததா?"

"இல்ல."

"பின்ன என்ன பழக்கம்?"

கோலப்பன் யோசித்தார். பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. "சண்ட போடுவோம்" என்றார்.

பெரியவர் ஒரு அடி பின்வாங்கினார். அப்போது சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். வெயிலில் காய்ந்த உடம்பு, மழிக்காத முகம். கிரேசியின் கணவர் மரியஜான். வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர்.

"முள்கரண்டியா?" என்றார்.

கோலப்பன் தலையசைத்தார்.

"வந்தியளா அண்ணாச்சி!" என்று மரியஜான் அவரைக் கட்டிக்கொண்டு, அதுவரை அழாதவர் போல அழுதார். "உங்கள அவ கண்டமேனிக்கு வைவா. டயாலிசிஸ் நாளு ஆசுபத்திரிக்கு வரமாட்டேன்னு அடம் பிடிப்பா. 'இன்னைக்கு அந்த ஆளு என்னத்த எழுதியிருக்கானோ, அங்கன கெடந்து படிக்கலாம்லா'ன்னு நாந்தான் ஆட்டோவுல ஏத்துவேன். ஒரு கையில ஊசி கெடக்கும். மத்த கைய வச்சு உங்களுக்குப் பதிலு குத்துவா. பக்கத்துக் கட்டிலுக்காரிக்கெல்லாம் படிச்சுக் காட்டிச் சிரிப்பா."

கோலப்பன் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவருக்கு எப்போதும் மூன்று பத்தி வரும். மரியஜானின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

பந்தலில் இன்னொருவரும் யாரோடும் சேராமல் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். பெரிய மீசை, காக்கிச் சட்டை. கீரிப்பாறை பஸ்ஸில் கண்டக்டர் ஜெபதாஸ். கோலப்பன் பேச்சுக் கொடுத்தார்.

"நீங்க எந்த வகையில...?"

ஜெபதாஸ் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, நான் செல்லக்கிளி."

'சாப்பிட்டியா தங்கச்சி' எல்லாம் கோலப்பனுக்கு ஒரு கணத்தில் வரிசையாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். தூரத்தில் சண்முகவடிவு பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் பந்தல் காலில் சாய்ந்து நின்றார்கள். அடக்கத்துக்குப் பங்குச் சாமியார் வரத் தாமதமாயிற்று. என்னதான் செய்வார்கள்? சௌந்தரம் சாவியைக் கொடுப்பாளா மாட்டாளா என்று மெல்லத் தொடங்கிவிட்டார்கள். சத்தம் ஏறி, ரெஜிஷா வந்து, "மாமா, ஜெபம் நடக்கு" என்று சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லும்போது அந்தப் பெண்ணின் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்ததை நான் சொல்லியாக வேண்டும்.

குழு ஒரு வாரம் துக்கம் காத்தது. பிறகு ஸ்ரீஜித், பவழமல்லி அக்கா போனபிறகு விவாதம் மந்தமாகிவிட்டது, எதிர்க்கட்சிக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டு அறிவிப்புப் போட்டான். ஒருவர் விண்ணப்பமும் செய்தார். கோலப்பன் அந்த அறிவிப்புக்குக் கீழே எழுதியதை இங்கே அச்சிட முடியாது. ஸ்ரீஜித் அவரைக் குழுவிலிருந்து நீக்கினான். செல்லக்கிளி மீசை துடிக்கத் தானே வெளியேறினார்.

அதற்குச் சில நாள் கழித்து, ஏழு மணிக்கு மரியஜானிடமிருந்து தொலைபேசி வந்தது.

"அண்ணாச்சி, தொந்தரவு இல்லியே? விடியுமுன்ன கடலுக்குப் போறவன், இருட்டுனா ஒறங்கிருவேன். அவ இந்தச் சத்தத்த வச்சிட்டு இருப்பா. அதுலயே ஒறங்கிப் பழகிட்டேன். இப்ப சத்தம் இல்லாம ஒறக்கம் வரல்ல. டிவிய வச்சா, ஆரு எவருன்னு ஒண்ணும் பிடிகிட்டல்ல. இந்தச் செவப்புச் சேல கெட்டுனவ ஆரு?"

"அவதான் வித்யா. பாவம், நல்லவ."

"நல்லவளா? கிரேசி அவளக் கள்ளின்னுல்லா சொல்லுவா?"

கோலப்பன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"இந்த எடத்துல அவ என்ன சொல்லியிருப்பா, அண்ணாச்சி?"

அன்றைக்குச் சௌந்தரம் வித்யாவைச் சமையலறைக்குள் விடாமல் கதவைச் சாத்தியிருந்தாள். கோலப்பனுக்கு அது கொடுமையிலும் கொடுமை. தொண்டையைச் செருமினார். "சௌந்தரம் செய்ததுல தப்பில்லன்னு சொல்லியிருப்பா" என்றார்.

"ஏன் அப்படிச் சொல்லுவா?"

ஏன்? ஒன்றரை வருடம் தான் அடித்து நொறுக்கிய வாதத்தைக் கோலப்பன் இப்போது தானே எடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. திக்கினார். சண்முகவடிவு பக்கத்திலிருந்து, "கைக்கொழந்தையா இருந்த நாத்தனாருக்கும் சோறு பொங்கிப் போட்ட அடுக்களை. நேத்து வந்தவகிட்ட விட்டுக் குடுப்பாளா?" என்று எடுத்துக் கொடுத்தாள். அதை அப்படியே சொன்னார். மறுமுனையில் மரியஜான், "அதுவும் சரிதான்... அவ அப்படித்தான் சொல்லுவா" என்றார். குரல் கொஞ்சம் லேசாகியிருந்தது.

மறுநாளும் அழைப்பு வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. நாளிதழ் மடித்த மடிப்பிலேயே கிடக்கத் தொடங்கியது. கோலப்பன் மாலைதோறும் பவழமல்லிக்காக வாதாடினார். முதலில் அரை மனதாக, பிறகு விறுவிறுப்பாக, பிறகு அவளுடைய கிண்டலோடு. ஒரு வெள்ளிக்கிழமை போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார்.

"ஏட்டி, சௌந்தரம் பக்கந்தான் நியாயம் இருக்கு, இல்லியா?"

"ஒன்றர வருசமா அதத்தான அவ சொன்னா."

"உயிரோட இருக்கும்போ சொல்லியிருக்கலாம் நான்" என்று சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப்புறம் போனார். முகம் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. சண்முகவடிவு தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இப்படிப்பட்ட ஆட்கள் சிரிப்பதற்குத்தான் இருக்கிறார்கள். முகம் தெரியாதவரோடு மல்லுக்கட்டுகிற புத்தியெல்லாம் உங்களுக்குக் கிடையாது என்று எனக்குத் தெரியும். கிரிக்கெட்டோ, அரசியலோ, மீன்குழம்புக்குத் தேங்காய் அரைப்பதா வேண்டாமா என்பதோ, எதைப் பற்றி நீங்கள் எழுதினாலும் குறுக்கே வந்து விழுகிற அந்த ஒருவர் இருக்கிறாரே, அவரை நாலைந்து நாளாகக் காணோம். "விட்டது சனியன்" என்று சொல்லிக்கொண்டீர்கள். நல்லது. பிறகு ஏன் அந்த மனிதரின் பக்கத்தைப் போய்ப் போய்த் திறந்து பார்க்கிறீர்கள்?