ஷெர்லின் கோச்சை ரகசியமாக விசாரித்த வகையில்

ராயபுரம்,
நவம்பர் 18.

கனம் பொருந்திய டென்னிஸ் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் தேவப்பிரியம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் ஞானபாக்கியமும் மகள் மகிமாவும் மளிகைக் கடையும் கர்த்தர் கிருபையால் சுகம். அங்கே நீங்களும் அக்காளும் அக்காளின் முழங்கால் வலியும் எப்படி என்று அறிய ஆவல். போனில் சொல்லியிருக்கலாம், நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் குடும்பக் குழுவில் நாற்பத்திரண்டு பேர். ஆகையால் கூரியர். படித்ததும் கிழித்துவிடவும்.

உங்கள் மகன், என் மருமகன் சாலமோனுக்குப் பார்த்திருக்கும் ஷெர்லின் என்ற பெண் எங்கள் பக்கத்துப் பெண்கள் கல்லூரியில் சாஃப்ட்பால் கோச்சாக இருக்கிறாள், ஆள் எப்படி என்று விசாரித்துச் சொல் என்றீர்கள். ஜனவரியில் கல்யாணம், கையோடு துபாய் என்றும் சொன்னீர்கள். விசாரித்தேன். வேண்டாம் அத்தான்.

முதல் காரணம், அவள் தோற்பதே இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன் தற்காலிக வேலையில் சேர்ந்தபோது அந்தக் கல்லூரிக்கு மைதானமே கிடையாதாம். திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் நிற்கிற மண் தரையில், லாரிக்கும் லாரிக்கும் நடுவில் பந்து போட்டுப் பழக்கியிருக்கிறாள். முதல் வருஷம் ஆடிய மூன்று ஆட்டத்திலும் தோல்வி. அதுவரைக்கும் நம்பலாம். மூன்றாம் வருஷம் பல்கலைக்கழகக் கோப்பையை வாங்கியவள், அதிலிருந்து வரிசையாக எட்டுக் கோப்பை வாங்கிவிட்டாள். முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறேன், எனக்கு வரிசையாக எட்டு மூட்டை நல்ல பருப்பு வந்ததில்லை. இவளுக்கு மட்டும் எப்படி வரும்?

பிள்ளைகளை எங்கே பிடிக்கிறாள் என்று பாருங்கள். காசிமேட்டில் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் நின்று, எந்தப் பெண் ஐஸ்கட்டியைக் குறி தப்பாமல் கூடைக்குள் வீசுகிறாள் என்று நோட்டுப்புத்தகத்தில் குறித்துக்கொள்கிறாள். புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த சாவிக்கொத்தை ஒற்றைக் கையில் பிடித்த பெண்ணிடம் அங்கேயே கல்லூரி விண்ணப்பத்தை நீட்டினாளாம். விண்ணப்பத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறவள் சாதாரண ஆளா?

நம் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் பச்சையம்மாவின் மகள் சிவந்தியும் அப்படிப் போனவள்தான். பச்சையம்மாவிடம் நைசாகக் கேட்டேன். "இன்னா அண்ணாச்சி, டீச்சரம்மாவப் பத்தி எதுக்கு நோண்டிகினு கீற? எம் பொண்ணு இன்னிக்கு ரயில்வேல வேலைக்குப் போய்கினு கீதுன்னா அது அந்தப் புண்ணியவதியாலதான். நம்ம வூட்டாண்ட வந்து ஒரு டீத்தண்ணி குடிச்சதில்ல, தெரியுமா?" என்று சீறிவிட்டாள். கவனியுங்கள் அத்தான். இவ்வளவு உதவி செய்துவிட்டு ஒரு டீ கூடக் குடிக்காத மனுஷியை நான் எப்படி நம்புவது?

அடுத்தது எண்ணெய். வாராவாரம் நம் கடைக்கே வந்து அரை லிட்டர் விளக்கெண்ணெய் வாங்குகிறாள். தனி ஆளுக்கு எதற்கு இவ்வளவு? அவள் வயிற்றை நினைத்து எனக்கே பயம் வந்துவிட்டது. மகிமா அந்தக் கல்லூரியில்தான் முதல் வருஷம் படிக்கிறாள் என்பதால், வேவு பார்க்க அவளையே அணியில் சேர்த்துவிட்டேன். தோல் கையுறைக்குப் பூசத்தான் எண்ணெய் என்று முதல் நாளே தகவல் வந்தது. இரண்டாம் நாள் முழங்காலில் சிராய்ப்பு வந்தது. மூன்றாம் நாளிலிருந்து தகவல் வருவதே நின்றுவிட்டது. கேட்டால், "அது டீம் விஷயம்ப்பா, வெளிய சொல்லக் கூடாது" என்கிறாள். பந்தடிக்கிறவளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற வேலையாம் இவளுக்கு. பரணில் ஏறி ஒரு பெட்டி சோப்பை எடுத்துக் கொடு என்றால், திரும்பிக்கூடப் பார்க்காமல் என் நெஞ்சுக்கு நேராக வீசுகிறாள்.

பொறுக்காமல் நானே போய் ஒரு லாரிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஷெர்லின் ஓரமாக நின்று மூக்கைத் தொட்டாள், தொப்பியைத் தொட்டாள், முழங்கையைத் தடவினாள். உடனே ஒரு பெண் விழுந்தடித்து ஓடினாள். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிற தரகர்களோடு பழகியவன் நான், எனக்குத் தெரியாதா? மகிமாவை மடக்கிக் கேட்டேன். "மூக்கு, தொப்பி எல்லாம் சும்மாப்பா. காது ஒண்ணுதான் நிஜம். எதிர் டீம் குழம்பணும்ல" என்றாள். ஒன்பது பொய்க்கு நடுவில் ஒரு நிஜத்தை ஒளித்து வைக்கிறவள், அத்தான்! நாளைக்கு அக்காள் முன்னால் நின்று காதைத் தொட்டால் நாம் யாரிடம் போய் அர்த்தம் கேட்பது?

ஆகவே இந்தச் சம்பந்தம் வேண்டாம். குறைந்தது பிப்ரவரி முடிகிற வரைக்குமாவது வேண்டாம். அக்காளுக்கு என் அன்பு. உங்கள் வீட்டிலும் தோட்டத்திலும் சமாதானம் தங்கட்டும்.

இப்படிக்கு, உங்கள் நன்மையை மட்டுமே நாடும்,
தேவப்பிரியம்.

பி.கு.: கவரை ஒட்டியாகிவிட்டது. "இத எழுதிட்டு ஞாயித்துக்கெழம நற்கருணை எடுக்கப் போறீகளோ?" என்று ஞானபாக்கியம் கேட்டாள். அதனால் பிரித்து எழுதுகிறேன். ஆரம்பத்தில் நான் சந்தேகப்பட்டது உண்மைதான். போன சனிக்கிழமை அரையிறுதி ஆட்டம். எதிர் அணிப் பெண் ஒருத்தி பாய்ந்து வந்து மகிமாவின் மேலேயே விழுந்தாள். ஒரே புழுதி. புழுதி அடங்கியபோது என் மகள் மல்லாந்து கிடந்தாள். கை மட்டும் மேலே, கையில் பந்து. கடைக்கு வருகிறவர்களிடம் வாய் திறக்காத பிள்ளை எழுந்து நின்று "அவுட்!" என்று கத்தியது எண்ணூர் வரைக்கும் கேட்டிருக்கும். அழுதுவிட்டேன் அத்தான். பக்கத்தில் நின்ற சர்பத் வண்டிக்காரர் துண்டு கொடுத்தார். ஷெர்லின் தங்கமான பெண். நடுவில் பரீட்சை, விடுமுறை என்று இறுதிப் போட்டியை பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். ஜனவரியில் அவளைத் துபாய்க்குக் கொண்டுபோனால் என் மகள் யாரைப் பார்த்து ஆடுவாள்? மார்ச்சில் வாருங்கள், நானே முன்னால் நின்று நடத்தி வைக்கிறேன்.

இன்னொன்று. அந்தப் பெண் யாரையும் விசாரிக்காமல் களத்தில் இறங்குவதில்லை. நேற்று எண்ணெய் வாங்க வந்தவள் நோட்டுப்புத்தகத்தைத் திறந்துவைத்து, "அண்ணாச்சி, சாலமோன் உங்க மருமகனாமே, ஆள் எப்படி?" என்று கேட்டாள். நாற்காலி போட்டு உட்காரவைத்து ஒரு மணி நேரம் சொன்னேன். இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். அதையும் மார்ச்சில் சரிசெய்துவிடலாம். அதுவரைக்கும் பெண் வீட்டார் யாராவது மருமகனுக்கு நான் வைத்துவிட்ட பொய்ப்பல்லைப் பற்றிக் கேட்டால், தயவுசெய்து அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.